தொழில் நிறுவன சர்வருக்கு எஸ்.எஸ்.டி. தேர்ந்தெடுத்துப் பொருத்துவது: அளவெடுப்பதிலிருந்து பராமரிப்பு வரை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ள மாங்கூழ் ஆலைகள், கிரானைட் பாலிஷ் கூடங்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், ஓசூர் தொழிற்பேட்டையைச் சார்ந்த உதிரிபாக நிறுவனங்கள் ஆகியவற்றில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சர்வர்களே இருக்கும். அவற்றைக் கவனிப்பவர் கணக்குப் பிரிவில் ஒருவராகவோ, அழைத்தால் வந்து பார்க்கும் சர்வீஸ் இன்ஜினியராகவோ இருப்பார். அந்தச் சர்வரின் பழைய ஹார்டு டிஸ்க்குகளை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் டிஸ்க்) போட வேண்டும் என்று முடிவான பிறகு, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் விலையையும், பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் வேகத்தையும் முதலில் பார்க்கிறார்கள். இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. வரிசை மாறினால், வாங்கிய டிஸ்க் சர்வரில் பொருந்தாமல் போகும். பொருந்தினாலும் ஒரு மின்தடையில் கணக்குக் கோப்பு உடைந்து நிற்கும்.

தொடங்கும் முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்கட்டும்: சர்வரின் சரியான மாடல் எண், அதிலுள்ள ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து நடத்தும் அட்டை) பெயர், முழு பேக்கப் எடுத்து வைக்கத் தனியாக ஒரு டிஸ்க், அந்த பேக்கப்பைத் திறந்து பார்க்க வேறொரு கணினி. கடைசியாகச் சொன்னது இல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

1. ஒரு நாளில் எவ்வளவு எழுதப்படுகிறது என்று அளந்துகொள்ளுங்கள்

எஸ்.எஸ்.டி. படிப்பதால் குறிப்பிடும்படி தேய்வதில்லை, எழுதுவதால் தேய்கிறது. ஆகவே வாங்க வேண்டிய வகையைத் தீர்மானிக்கும் முதல் எண், சர்வர் ஒரு நாளில் டிஸ்க்கில் எழுதும் அளவு. இதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம்.

விண்டோஸ் சர்வரில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து, ஒரு வினாடிக்கு எழுதப்படும் பைட்டுகளைக் காட்டும் கவுன்டரை ஒரு வாரம் பதிவு செய்ய விடுங்கள். கிடைக்கும் சராசரியை 86,400ஆல் பெருக்கினால் ஒரு நாள் அளவு வந்துவிடும். லினக்ஸில் ஐயோஸ்டாட் கட்டளை, சர்வர் கடைசியாக இயக்கப்பட்டதிலிருந்து எழுதப்பட்ட மொத்தத்தைக் காட்டும்; அதை ஓடிய நாட்களால் வகுத்தால் போதும்.

எந்த வாரத்தில் அளக்கிறோம் என்பது முக்கியம். ஜி.எஸ்.டி. விற்பனை விவரத்துக்கான 11ஆம் தேதிக்கும், மாதாந்திர ரிட்டனுக்கான 20ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களில் கணக்குப் பிரிவின் வேலை கூடும். மாங்கூழ் ஆலையாக இருந்தால், எடை மேடைக்கு லாரிகள் வரிசையில் நிற்கும் ஜூன் மாதத்தில் அளக்க வேண்டும். ஜனவரியில் எடுத்த எண் அந்த ஆலைக்கு எதையும் சொல்லாது.

இங்கே அடிக்கடி நேரும் தவறு, கேமராப் பதிவையும் அதே டிஸ்க்கில் விடுவது. ஒவ்வொன்றும் 4 மெகாபிட் வேகத்தில் ஓடும் 16 கேமராக்கள் சேர்ந்து வினாடிக்கு 8 எம்.பி. எழுதும், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 ஜி.பி., ஆண்டுக்கு 252 டி.பி. சாதாரணக் கணினிக்கான 1 டி.பி. எஸ்.எஸ்.டி.க்கு 600 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது வழக்கம் என்பதால், இந்தச் சுமையில் அந்த உத்தரவாதம் இரண்டரை ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். கேமராப் பதிவு கண்காணிப்புக்கென்று வரும் ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கட்டும். அந்த வேலைக்கு அதுதான் மலிவு, அதுதான் பொருத்தம்.

2. சர்வரைத் திறந்து பாருங்கள்

இணையத்தில் உள்ள விவரத் தாளை மட்டும் நம்பாமல், சர்வரை நிறுத்தி மூடியைத் திறந்து, டிஸ்க் அறைகள் 2.5 அங்குலமா 3.5 அங்குலமா, அவை எந்த வகை இணைப்பை ஏற்கும் என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் வந்த சர்வர்களிலேயே, டிஸ்க்குகள் செருகப்படும் பின்பலகை ஒன்றுக்கொன்று வேறுபடுவது உண்டு.

சாட்டா, சாஸ், என்.வி.எம்.இ. என்பவை டிஸ்க்கைச் சர்வரோடு இணைக்கும் மூன்று முறைகள். சாட்டா டிஸ்க் சாஸ் இணைப்பில் வேலை செய்யும். சாஸ் டிஸ்க் சாட்டா இணைப்பில் வேலை செய்யாது. என்.வி.எம்.இ. வகையின் யு.2 டிஸ்க் பார்வைக்குச் சாஸ் டிஸ்க் போலவே இருக்கும், ஆனால் அதற்கென்று கம்பிகள் வராத பின்பலகையில் அது உயிர் பெறாது. சிறு அட்டை வடிவ டிஸ்க்கைச் செருகும் எம்.2 துளையிலும் இதே சிக்கல் உண்டு: சில துளைகள் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்.வி.எம்.இ.யை மட்டும் ஏற்கும். 22110 என்று குறிக்கப்பட்ட டிஸ்க் 110 மில்லிமீட்டர் நீளம். 80 மில்லிமீட்டருக்கான இடத்தில் அதைத் திருக முடியாது.

டிஸ்க்கைத் தாங்கும் டிரேயையும் மறக்க வேண்டாம். காலியாகத் தெரியும் அறைகளில் பல நேரம் வெறும் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும், டிரே தனியாக வாங்க வேண்டியிருக்கும். மேலும் சில தயாரிப்பாளர்களின் சர்வர்கள், தங்கள் பட்டியலில் இல்லாத டிஸ்க்கைச் செருகினால் வெப்பநிலையைப் படிக்க முடியாமல் மின்விசிறிகளை முழு வேகத்தில் ஓட்டும். ஒத்துப்போகும் டிஸ்க்குகளின் பட்டியலை வாங்கும் முன்பே பார்த்துவிடுவதற்கு இதுவே காரணம்.

3. மின்தடைப் பாதுகாப்பு இல்லாத டிஸ்க்கை இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்.

எஸ்.எஸ்.டி. தனக்கு வரும் தரவை முதலில் தன்னுள் இருக்கும் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் நிலையான சில்லில் எழுதுகிறது. எந்தத் தரவு எந்த இடத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தின் புதிய மாற்றங்களும் அதே தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் திடீரென்று நின்றால் இவை இரண்டும் போய்விடக்கூடும். வரைபடம் சிதைந்தால், அப்போது எழுதப்படாத பழைய கோப்புகள்கூடத் திறக்காமல் போகலாம். சர்வருக்கென்று தயாராகும் எஸ்.எஸ்.டி.க்களில் இதற்காகவே கெபாசிட்டர்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் நின்றபின் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்குச் சில கணங்களுக்கான மின்சாரத்தை அவை தேக்கி வைத்திருக்கும்.

'யு.பி.எஸ். இருக்கிறதே, ஜெனரேட்டர் இருக்கிறதே' என்ற பதில் உடனே வரும். பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவிக்கப்படும் மின்தடை நாளுக்கு அந்தப் பதில் சரி. ஆனால் யு.பி.எஸ். பேட்டரி தேய்ந்து, ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் விழுந்துவிடுவது உண்டு. சர்வரின் பவர் சப்ளையே எரிந்துபோவதும், தொங்கிவிட்டது என்று யாரோ பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பதும் உண்டு. கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்றில் மின்சாரம் சில நிமிடங்களுக்குள் பலமுறை போய்ப்போய் வருவதை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று வீசும் காலமும் மாங்காய் வரத்துக் காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும், ஆனால் அது டிஸ்க்குக்கு உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்பின் இடத்தை நிரப்பாது.

ரெய்டு கார்டில் பேட்டரி இருப்பதால் கவலை இல்லை என்று நினைப்பதும் தவறு. அந்த பேட்டரி, கார்டின் சொந்த நினைவகத்தை மட்டுமே காக்கும். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் நினைவகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தப் பாதுகாப்பு வேகத்தையும் கூட்டுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. எஸ்.க்யூ.எல். சர்வர், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் ஒவ்வொரு பதிவையும் 'நிலையாக எழுதிவிட்டேன்' என்று டிஸ்க் உறுதி சொல்லும்வரை காத்திருக்கும். கெபாசிட்டர் உள்ள டிஸ்க், தரவு தன் நினைவகத்துக்கு வந்தவுடனேயே அந்த உறுதியைச் சொல்லலாம், ஏனென்றால் எது நடந்தாலும் அதை எழுதி முடிக்க அதனால் முடியும். கெபாசிட்டர் இல்லாதது ஒவ்வொரு முறையும் சில்லில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்ல வேண்டும். பெட்டியில் வினாடிக்கு 7,000 எம்.பி. என்று போட்டிருக்கும் டிஸ்க், பில் போடும் சர்வரில் எதிர்பார்த்த வேகம் தராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

விவரத் தாளைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. சில டிஸ்க்குகள் ஏற்கெனவே எழுதப்பட்ட தரவை மட்டும் காப்பதையும் மின்தடைப் பாதுகாப்பு என்றே குறிப்பிடும். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் தரவையும் கெபாசிட்டர் கொண்டு காக்கிறது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சாட்டா வகையில் சாம்சங் பிஎம்893, கிங்ஸ்டன் டிசி600எம், சாலிடைம் டி3-எஸ்4520 ஆகியவை இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள்.

4. தாங்குதிறனைக் கணக்கிடுங்கள்

தாங்குதிறனை இரண்டு வகையாகச் சொல்வார்கள்: உத்தரவாதக் காலம் முழுவதும் எழுதக்கூடிய மொத்த டி.பி. ஒன்று, டிஸ்க்கின் முழுக் கொள்ளளவை ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுதலாம் என்பது இன்னொன்று. முதலாவது டி.பி.டபிள்யூ., இரண்டாவது டி.டபிள்யூ.பி.டி. நாளுக்கு 1 முறை, 5 ஆண்டு என்று குறிக்கப்பட்ட 960 ஜி.பி. டிஸ்க்கில் 0.96ஐ 1,825 நாட்களால் பெருக்க, 1,752 டி.பி. வரும்.

இப்போது முதல் படியில் அளந்த எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். நாளுக்கு 60 ஜி.பி. எழுதும் கணக்குச் சர்வர் 5 ஆண்டுகளில் சுமார் 110 டி.பி. எழுதும். டிஸ்க் தனக்குள் இடம் மாற்றி எழுதும் கூடுதல் சுமையையும் சேர்த்துத்தான் தயாரிப்பாளர் அந்த வரம்பைத் தருகிறார் என்றாலும், நம் எழுதும் முறை சோதனை முறையிலிருந்து வேறுபடும் என்பதால் இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளலாம். அப்போதும் நாளுக்கு 1 முறை என்ற வகை தாராளமாகப் போதும். நாளுக்கு 3 முறை என்று குறித்த விலை உயர்ந்த வகையை இந்த அளவுக்கு வாங்கச் சொல்பவரிடம், எந்த எண்ணை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 110 டி.பி.யைச் சாதாரணக் கணினி டிஸ்க்கும் தாங்கிவிடும். நம் ஊர்ச் சர்வர்கள் பெரும்பாலானவற்றில் தாங்குதிறன் சிக்கலே இல்லை. மூன்றாம் படியில் சொன்ன கெபாசிட்டருக்காகத்தான் சர்வர் வகையை வாங்குகிறோம். ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் சர்வர்கள் ஓடும் இடங்களிலும், இரவுதோறும் முழு பேக்கப் அதே டிஸ்க்கில் விழும் இடங்களிலும் மட்டும் இந்தக் கணக்கு முடிவை மாற்றும்.

5. சாட்டாவா, என்.வி.எம்.இ.யா என்று முடிவு செய்யுங்கள்

சாட்டா டிஸ்க் வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. தரும். அலுவலகத்தில் ஓடும் ஜிகாபிட் நெட்வொர்க்கின் உச்சமோ வினாடிக்கு 125 எம்.பி.தான். டேலி தரவுக் கோப்புறையைச் சர்வரில் பகிர்ந்து பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில், சாட்டா டிஸ்க்கே நெட்வொர்க்கைவிட நான்கு மடங்கு வேகமானது. அங்கே என்.வி.எம்.இ. போட்டுவிட்டுப் பழைய சுவிட்சை வைத்திருப்பதில் பயனில்லை.

தரவுத்தளம் சர்வருக்குள்ளேயே ஓடி, கனமான அறிக்கைகளை எடுக்கும் மருத்துவமனை மென்பொருள், தொழிற்சாலை உற்பத்தி மென்பொருள் போன்றவற்றில் நிலைமை வேறு. சாட்டா ஒரே வரிசையில் 32 கட்டளைகளை மட்டும் வைத்திருக்கும், என்.வி.எம்.இ. ஆயிரக்கணக்கான வரிசைகளை ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டது. பலர் ஒரே நேரத்தில் தேடும்போது அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். உங்கள் சர்வரின் பின்பலகை ஏற்றால் அங்கே என்.வி.எம்.இ. வாங்குங்கள், ஏற்காவிட்டால், அதற்காகவே சர்வரை மாற்றுவது பெரும்பாலும் தேவையில்லை.

6. கொள்ளளவு

இப்போதைய தரவையும் ஐந்தாண்டு வளர்ச்சியையும் சேர்த்து, அது டிஸ்க்கில் நான்கில் மூன்று பங்கைத் தாண்டாதபடி வாங்குங்கள். காலியிடம் இருந்தால்தான் டிஸ்க் பழையதைத் துடைத்து இடம் தயார் செய்ய முடியும். நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், தேய்மானம் கூடும்.

7. ரெய்டு முறையைத் தீர்மானித்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

சிறிய சர்வருக்கு, ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதும் ரெய்டு 1 போதும். இடம் கூடுதலாக வேண்டுமானால், அப்படிப்பட்ட இரண்டு ஜோடிகளைச் சேர்த்து நான்கு டிஸ்க்குகளில் ரெய்டு 10. மூன்று டிஸ்க்குகளில் ரெய்டு 5 போட்டு ஒரு டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சிறு பதிவுக்கும் இரண்டு முறை படித்து இரண்டு முறை எழுத வேண்டியிருக்கும் என்பதால், பில்லும் ரசீதுமாகச் சின்னச் சின்னப் பதிவுகள் விழும் சர்வருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பல ரெய்டு கார்டுகள், எந்தக் கோப்புகள் அழிக்கப்பட்டன என்று டிஸ்க்குக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையைக் கடத்துவதில்லை. சர்வர் வகை டிஸ்க்கில் உள்ளே கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் அது சமாளிக்கும். சாதாரண வகை சில மாதங்களில் மந்தமாகும். 1,000 என்று இல்லாமல் 960 என்று கொள்ளளவு குறிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் அந்த ஒதுக்கீட்டால்தான்.

ஒரே நாளில் வாங்கிய ஒரே தொகுதி டிஸ்க்குகள் இரண்டும் ஒரே அளவு எழுதப்படுவதால் ஒரே காலத்தில் தேயும். ஃபர்ம்வேரில் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோளாறு இருந்தால் இரண்டும் ஒன்றாகவே விழலாம். 2019ஆம் ஆண்டு, சர்வர் தயாரிக்கும் எச்.பி.இ. நிறுவனம், தன் குறிப்பிட்ட சாஸ் எஸ்.எஸ்.டி.க்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்றும், அதற்கு முன் ஃபர்ம்வேரை மாற்ற வேண்டும் என்றும் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. ஒன்றாக இயக்கப்பட்ட ரெய்டு டிஸ்க்குகள் அந்த மணியை ஒன்றாகத்தானே எட்டும்? ஆகவே முடிந்தால் வெவ்வேறு தொகுதிகளில் இருந்து வாங்குங்கள். முடியாவிட்டால் ஃபர்ம்வேர் அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள்.

ரெய்டு, பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பும், ரேன்சம்வேர் பூட்டிய கோப்பும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கணத்தில் அதே நிலையை அடையும். கம்பெனியாகப் பதிவு பெற்ற நிறுவனங்கள் மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை நாள்தோறும், இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் வைத்திருக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு முதல் விதியே இருக்கிறது.

8. வாங்கும்போது

பெங்களூரு எஸ்.பி. ரோடும் சென்னை ரிச்சி தெருவும் நமக்கு எட்டும் தூரம்தான். எங்கே வாங்கினாலும், சீரியல் எண் எழுதப்பட்ட ஜி.எஸ்.டி. ரசீது வாங்குங்கள்; அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, இந்தியாவில் உத்தரவாதம் செல்லுமா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். உத்தரவாதம் 5 ஆண்டு என்றால், 5 ஆண்டு அல்லது குறித்த டி.பி. அளவு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை என்று பொருள்.

இரண்டு டிஸ்க் தேவைப்படும் இடத்தில் மூன்றாக வாங்குங்கள். பழுதான டிஸ்க்குக்கு மாற்று வந்து சேர நாட்கள் பிடிக்கும். அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ இருக்கும் சர்வர் அதுவரை ஒற்றை டிஸ்க்கில் ஓடுவதைவிட, அலமாரியில் ஒன்று தயாராக இருப்பது நல்லது.

9. தரவை ஏற்றும் முன் சோதியுங்கள்

புதிய டிஸ்க்கைச் செருகியதும், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் படியுங்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஓடிய மணி நேரமும் எழுதப்பட்ட அளவும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால், அது பயன்படுத்திய டிஸ்க், அன்றே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். இதைத் தரவு ஏறுவதற்கு முன் செய்யச் சொல்வது, புதுப்பிப்பின் நடுவே கோளாறு நேர்ந்தாலும் இழக்க எதுவும் இல்லை என்பதால்தான். பிறகு எஃப்.ஐ.ஓ. போன்ற சோதனைக் கருவியால் டிஸ்க் முழுவதையும் ஒரு முறை எழுதி நிரப்புங்கள். காலியான டிஸ்க் காட்டும் வேகம் நம்பத்தக்கதன்று. நிரம்பியபின் சிறு பதிவுகளை ஒவ்வொன்றாக உறுதி கேட்டு எழுதும்போது கிடைக்கும் வேகம்தான் உங்கள் பில்லிங் மென்பொருளுக்குக் கிடைக்கப்போவது. அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

சோதனை ஓடும்போது வெப்பநிலையையும் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏ.சி. இல்லாத அறையில் மூடிய ரேக்குக்குள் இருக்கும் என்.வி.எம்.இ. டிஸ்க், 70 டிகிரியை நெருங்கித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வது இயல்பு. கிரானைட் கூடங்களில் கல்தூசி மின்விசிறியிலும் வலையிலும் படிந்து இதை இன்னும் மோசமாக்கும். அங்கே டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் தூசியைத் துடையுங்கள். சோதனை முடிந்ததும் டிஸ்க்கை முழுமையாக அழித்துப் புதிது போலாக்கிவிட்டு, ரெய்டு அமையுங்கள்.

10. தரவை மாற்றுங்கள்

சனிக்கிழமை மாலை எல்லாரையும் வெளியேறச் சொல்லி, முழு பேக்கப் எடுத்து, அதை வேறு கணினியில் திறந்து, அன்றைய கடைசி பில் வரை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பழைய டிஸ்க்குகளைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது எந்த டிஸ்க் எந்த அறையில் இருந்தது என்று மேலேயே எழுதி ஒட்டுங்கள். அவற்றை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். ஏதேனும் ஒரு பழைய கோப்புறை விடுபட்டுப்போனது ரிட்டன் தாக்கல் செய்யும் நாளில்தான் தெரிய வரும்.

11. பிறகு கவனிக்க வேண்டியவை

மாதம் ஒரு முறை ஸ்மார்ட் விவரத்தில் பயன்படுத்தப்பட்ட சதவீதத்தையும் வெப்பநிலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 80 சதவீதத்தைத் தொட்டதும் மாற்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடலாம்; இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒன்றை முதலில் மாற்றி, ரெய்டு மறுபடி அமைந்து முடிந்தபின் அடுத்ததை மாற்றுங்கள்.

பருவத்துக்கு மட்டும் இயங்கும் ஆலைகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அதிலுள்ள மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். மின்னணு உறுப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தர நிர்ணயத்தின்படி, சாதாரண வகை டிஸ்க் 30 டிகிரியில் ஓர் ஆண்டு தரவைத் தாங்க வேண்டும். சர்வர் வகை 40 டிகிரியில் 3 மாதம் தாங்கினால் போதும். இவை தாங்குதிறன் முழுவதும் தீர்ந்த டிஸ்க்குக்கான குறைந்தபட்ச எண்கள். புதிய டிஸ்க் இதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனாலும் ஆகஸ்டில் வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்தித் தகரக் கூரை அறையில் பூட்டிவிட்டு அடுத்த ஏப்ரலில் திறக்கும் வழக்கம், பல ஆண்டு தேய்ந்த டிஸ்க்குக்கு ஆபத்தானது. மாதத்துக்கு ஒரு நாள் சர்வரை இயக்கி, டிஸ்க் முழுவதையும் ஒரு முறை படிக்கும் ரெய்டு சரிபார்ப்பை ஓட விடுங்கள். பருவம் முடிந்ததும் எடுக்கும் பேக்கப்பை எஸ்.எஸ்.டி.யில் எடுக்காமல் ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, ஆலைக்கு வெளியே வையுங்கள்.